ஏழாம் நம்பர் கருப்பண்ணன்

புகார் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று ஆபீஸில் கேட்டார்கள். கூட்டத்துக்கு முன்னால் நின்றால் எனக்கு வாய் வராது. எழுதித் தருகிறேன் என்றேன். நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலு வருஷம். எழுத்தும் அதற்குத் தகுந்த மாதிரிதான் இருக்கும்.

பாரத்தை எப்படி நிரப்புவது, எந்தத் தாள் எந்த மேசைக்குப் போகும் என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. நான் பாரத்தின் முதல் கட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெயர் என்று போட்டிருக்குமே, அந்தக் கட்டம். அதில் நான் ஒரு தடவை தெரிந்தே பொய் எழுதினேன். அதனால் என்ன ஆயிற்று என்பதுதான் இது.

மலாயாவில் ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்த காலம். கப்பல் கப்பலாகச் சனங்களை நாகப்பட்டினத்துக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என் அப்பா அதற்கு முன்பே தவறிவிட்டார். ஊரில் எங்களுக்கென்று யாரும் இல்லாததால் அம்மாவும் நானும் கப்பல் ஏறாமல் மலாக்கா டவுன் பக்கம் வந்தோம். அந்த வட்டாரத்து ரோடு, விளக்கு, சாக்கடையைப் பார்த்துக்கொண்ட சர்க்கார் போர்டில் சாக்கடை கூட்டும் வேலை இரண்டு பேருக்கும் கிடைத்தது. எங்களை வேலை வாங்கியவர் ஒரு மண்டோர். விடிந்ததும் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பெரட்டுக் கூப்பிட்டு, செக்ரோல் புத்தகத்தில் பேர் பதிந்து, ஆளுக்கு ஒரு ரோடு பிரித்துக் கொடுப்பார். எனக்குப் பாச்சாங் பக்கத்தில் ஒரு துண்டு ரோடு.

குடியிருப்பும் அதே ரோட்டில்தான். ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம், கட்டி வாடகைக்கு விட்ட பலகை வீடுகள், ஒரே வரிசையில் பன்னிரண்டு. கதவில் தாரால் நம்பர் எழுதியிருக்கும். எங்களுடையது பதினொன்று. எல்லா வீட்டிலும் தோட்டத்திலிருந்து வெளியே வந்த தமிழ்ச் சனங்கள். டவுனுக்கு வந்தும் அந்த வரிசையைத் தோட்டத்து வழக்கப்படி லயம் என்றே சொல்வார்கள். வரிசைக்கு முன்னால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு. கிணற்றுக்கு ஆறடி தள்ளி போர்டின் சாக்கடை. லோங்காங் என்போம். அதைக் கூட்டுவது என் வேலை. ஆக, நான் கூட்டிய சாக்கடை, நான் குடித்த கிணறு, நான் படுத்த வீடு, மூன்றும் ஒரே இடத்தில் இருந்தன. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்போது ஞாபகம் இருக்கவில்லை.

நான் எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்பது எப்படியோ ஆபீஸ் கிராணிக்குத் தெரிந்துவிட்டது. அவர் டவுனில் குடியிருந்த தமிழ்க் கிறிஸ்துவர். வெள்ளைக் கோட்டு, மூக்குக் கண்ணாடி. சத்தம் போட்டு அவர் பேசி யாரும் கேட்டதில்லை. சனங்களின் புகாரை வாங்கி இங்கிலீஷில் எழுதி மேலே அனுப்புவது அவர் பொறுப்பு. ஆனால் எங்கள் ஆட்கள் யாரும் ஆபீஸ் படி ஏறுவதில்லை. விளக்கு எரியவில்லை, பாலம் ஆடுகிறது என்று எதுவானாலும் ரோடு கூட்டுகிறவளிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். அவர்களைப் பொறுத்தவரை போர்டிடம் சொல்லியாயிற்று. கூட்டுகிறவள் அதை யாரிடமும் சொல்வதில்லை. கிராணி இதைக் கண்டுகொண்டு எனக்கு ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொடுத்தார். பேர், வீட்டு நம்பர், குறை என்று மூன்று பத்தியாகக் கோடு போட்டிருந்தார். சனங்கள் சொல்வதைத் தமிழில் எழுதிக் கொண்டுவந்தால் போதும் என்றார். மண்டோருக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் கிராணி சொன்னதால் ஒன்றும் சொல்லவில்லை.

குறையை எழுதுவது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். மனுஷர் யாரும் குறையை நேராகச் சொல்வதில்லை. மகளுக்குப் பிள்ளை பிறந்தது, பெயர் வைத்தது, பெயர் வைத்த வீட்டில் சோறு குழைந்தது என்று ஆரம்பித்துப் பந்தல் கால் நட்ட இடத்தில் சாக்கடை உடைந்திருக்கிறது என்று முடிப்பார்கள். நடுவில் நிறுத்தினால் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். நான் அதிகம் பேசாதவள், அது அங்கே உதவியாக இருந்தது. பேச்சு ஓய்கிற வரைக்கும் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நிற்பேன். ஓய்ந்தபின் வருகிற கடைசி வார்த்தைதான் புகார். நீங்களும் அந்த நேரத்தைக் கொடுக்கப் பழகுங்கள்.

கஷ்டம் முதல் பத்தியில்தான் இருந்தது. பேர் என்ன என்று கேட்டால் பேசிக்கொண்டிருந்தவர் வாயை மூடிக்கொள்வார்.

அதற்குக் காரணம் இருந்தது. தோட்டத்தில் குறை சொல்வதற்கு ஒரு முறை உண்டு. துரை லயத்துக்கு வந்து என்ன குறை என்று கேட்டால், ஒரு குறையும் இல்லீங்க துரை என்று சொல்ல வேண்டும். அப்படித்தான் சொல்வார்கள் என்று துரைக்கும் தெரியும். பிறகு கங்காணி தனியாகப் போய், சனங்க பேசிக்கிறாங்க என்று குறையைச் சொல்வார். யார் பேசியது என்று பேர் வராது. பேர் வந்தால் அடுத்த பெரட்டில் அந்தப் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் வேலை போகும், வேலை போனால் லயத்து வீடும் போகும். அந்த முறையில் வளர்ந்தவர்களிடம் போய் நான் நோட்டை நீட்டினேன். நானும் அதே முறையில் வளர்ந்தவள்தான்.

ஒரு மழையில் கிணற்றுப் பக்கமிருந்த சாக்கடைச் சுவர் ஒரு ஆள் நீளத்துக்குச் சரிந்து விழுந்தது. விழுந்த செங்கல்களை எடுத்து ஓரமாக அடுக்கி வைத்தது நான்தான். அதன் பிறகு மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் மண்ணில் இறங்கிக் கிணற்றுப் பக்கம் போனது. தண்ணீரில் வாடை அடித்தது. வேறு நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் ரோட்டைத் தாண்டி மலாய்க்காரர்களின் கம்போங் கிணறு வரைக்கும் நடக்க வேண்டும். வேலைக்குப் போகிற பெண்கள் எத்தனை குடம் சுமப்பார்கள்? கைக்குழந்தைக்கு மட்டும் காய்ச்சிக் கொடுத்தார்கள். மற்றவர்கள் அப்படியே குடித்தோம்.

லயத்தில் பத்து பேராவது என்னிடம் வந்து எழுதச் சொன்னார்கள். பேர் கேட்டால், "சனங்கன்னு எழுதும்மா" என்றார்கள். எனக்கு இரண்டாவது தடவை கேட்கக் கூச்சம். பேர் என்ற இடத்தில் லயத்துச் சனங்கள் என்று எழுதினேன். கிராணி அதைப் படித்துவிட்டு நோட்டைத் திருப்பித் தந்தார்.

"சனங்கள் எத்தனாம் நம்பர் வீட்டுல குடியிருக்காங்க?" என்று கேட்டார்.

நோட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

லயத்தில் பெருமாள் என்று ஒருவர் இருந்தார். இரண்டாம் நம்பர். தோட்டத்தில் கங்காணிக்கு வலக்கையாக இருந்தவர். யார் வீட்டு விசேஷமானாலும் அவரைக் கேட்டுத்தான் செய்வார்கள். நான் மாமா என்று கூப்பிடுவேன். பேர் இல்லாமல் ஆபீஸில் வாங்கமாட்டார்களாம் என்று அவரிடம் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தார்.

"பேருதானே வேணும்? கருப்பண்ணன், ஏழாம் நம்பர். எழுதிக்க."

ஏழாம் நம்பர் கருப்பண்ணன் கப்பல் ஏறி இரண்டு மாதம் ஆகியிருந்தது. வீடு பூட்டிக் கிடந்தது. பெருமாளுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். சுற்றி நின்ற நாலைந்து பேரும் சிரித்தார்கள். நல்ல யோசனை என்றார்கள். ஊரில் இருக்கிறவன் பேரை இங்கே யார் வெட்ட முடியும் என்றார் ஒருவர். எனக்கும் அது சரி என்றே பட்டது. இன்னொரு தடவை வீடு வீடாகப் போய்ப் பேர் கேட்க வேண்டாமே என்ற நிம்மதிதான் பெரிதாக இருந்தது. எழுதிவிட்டேன்.

கிராணி நம்பி மேலே அனுப்பினார். ஒரு வாரத்தில் சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். காக்கிக் கால்சட்டையும் தொப்பியும் போட்ட, வெள்ளைக்கார வம்சம் கலந்த ஒரு சட்டைக்காரர். எங்களோடு மலாயில்தான் பேசுவார். ஏழாம் நம்பர் கதவு முன்னால் நின்று, "சியாப்பா கருப்பண்ணன்?" என்று கேட்டார். யார் கருப்பண்ணன் என்று.

வாசலில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "தாடா, துவான்" என்றார் பெருமாள். அப்படி ஒருவரும் இல்லை என்று.

இன்ஸ்பெக்டர் அதோடு போகவில்லை. கிணற்றைக் கையால் காட்டி, தண்ணீர் எப்படி என்று கேட்டார். நாலாம் நம்பர் பாக்கியம் அக்காதான் முன்னால் நின்றது. கேட்கிறவர் தொப்பி போட்டிருந்தார். தோட்டத்தில் சொல்லிப் பழகியதைச் சொன்னது.

"நல்ல தண்ணிங்க துரை. ஒரு குறையும் இல்லீங்க."

மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். அவர் புத்தகத்தில் எதையோ எழுதிக்கொண்டு சைக்கிளில் ஏறினார். நான் பத்தடி தள்ளி அதே சாக்கடையில் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

புகார் முடிந்தது என்று தாள் வந்தது. ஆள் இல்லை, குறையும் இல்லை. பொய்ப் புகார் போர்டு ஆளின் கையாலேயே வந்திருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் மண்டோரைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டாராம். மறுநாள் பெரட்டில் மண்டோர் எல்லாருக்கும் முன்னால் என்னை நிறுத்தினார். மறுபடியும் அந்த லயத்து விஷயம் இன்ஸ்பெக்டர் காதுக்குப் போனால் என் பேர் மட்டுமல்ல, என் அம்மா பேரும் செக்ரோலில் இருக்காது என்றார். மண்டோர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். அவர் பேரும் ஏதோ ஒரு புத்தகத்தில் இருந்ததுதானே.

அதற்குப் பிறகு மழை வலுத்தது. பாக்கியம் அக்காவின் மகளுக்கு, நாலு வயதிருக்கும், காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கிணற்றுத் தண்ணீரால்தான் என்று நான் சொல்லவில்லை. டாக்டரும் அப்படிச் சொன்னதாகத் தெரியவில்லை. தண்ணீரைக் காய்ச்சிக் கொடுங்கள், கிணறு சுத்தமா என்று பாருங்கள் என்று மட்டும் சொன்னாராம். இன்னும் பத்து நாளில் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்றும் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்தால் இந்தக் கிணறுதான்.

அந்த வாரம் கிராணி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் கதவு ஓரத்தில் நின்றேன். அவர் நிமிராமல் கேட்டார்.

"கருப்பண்ணன் இப்ப எங்க?"

லயத்து ஆட்கள்தான் சொன்னார்கள், நான் எழுதினேன் என்று சொல்லியிருக்கலாம். அதில் பொய்யும் இல்லை. ஆனால் ஆள் இல்லை என்று தெரிந்தேதான் எழுதினேன்.

"நாகப்பட்டினத்துலங்க."

"கப்பல் ஏறினது புகாருக்கு முன்னயா, பின்னயா?"

"முன்னங்க."

"அங்க இருந்துக்கிட்டு பாச்சாங் கிணத்துல தண்ணி எறைக்கிறாரு. நீளமான கயிறுதான்."

அவர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. முடிந்த புகாரை மறுபடி திறக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். புதுப் புகார் வந்தால் அனுப்புவார். வருகிற வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வேறு வேலையாக அந்த ரோட்டுக்கு வருகிறார். அதற்குள் ஒரு பேர் வேண்டும், கூப்பிட்டால் வந்து நிற்கிற பேராக இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அன்று செவ்வாய்க்கிழமை.

வேலை முடிந்ததும் நேராகப் பாக்கியம் அக்காவிடம் போனேன். அது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தது. அதன் புருஷனுக்குப் போர்டில் ரோடு போடும் கூலி வேலை. பிள்ளை படுத்துக் கிடக்கிற வீடு, மாட்டேன் என்று சொல்லாது என்று நினைத்துத்தான் போனேன். பேர் தர முடியுமா என்று கேட்டேன். கரண்டியை அடுப்பங்கல் மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தது.

"நீ எழுதிட்டுப் போயிடுவ. நாளைக்கு எம் புருசன் பேர வெட்டினா நீயா சோறு போடுவ?"

நான் நோட்டை மூடினேன். அது விடவில்லை.

"வீடு வீடா வந்து பேரு கேக்குறியே. பதினோராம் நம்பரு எந்தக் கிணத்துல தண்ணி எடுக்குது? ஒம் பேரு எங்கடி அந்த நோட்டுல?"

அது கேலியாகத்தான் கேட்டது. பக்கத்து வீட்டில் யாரோ சிரித்தார்கள். நான் நோட்டை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்துவிட்டேன்.

இத்தனை நாளும் எனக்கு அது தோன்றவே இல்லை என்றால் நம்புவீர்களோ என்னவோ. எழுதுகிறவள் வேறு, குடிக்கிறவள் வேறு என்று நினைத்திருந்தேன். கையில் நோட்டு வந்ததும் நான் பாதி போர்டு ஆகிவிட்டேன். போர்டுக்குக் குறை ஏது? மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் உங்களுக்கும் இது வரும். நல்லவர்களுக்கும் வரும்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். மண்டோர் சொன்னது அம்மாவும் கேட்டதுதான். வேலை போனால் எங்களுக்குத் திரும்பிப் போகத் தோட்டமும் இல்லை, ஊரும் இல்லை. அம்மா தன் பேரை எழுதிக்கொள்ளச் சொல்லும் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. அம்மா அப்படிச் சொல்லவில்லை. அரிசியைப் புடைத்துக்கொண்டே பேசியது.

"ஒம் பேர எழுதினா எம் பேரையும் எழுதின மாதிரிதான். எழுதினா அடிக்காம எழுது. எழுதிட்டு அடிக்கிறதா இருந்தா இப்பவே நோட்டத் திருப்பிக் குடுத்துரு."

வள்ளியம்மை, பதினோராம் நம்பர் என்று எழுதினேன். குறை என்ற இடத்தில், லோங்காங் சுவர் விழுந்து அழுக்குத் தண்ணீர் கிணற்றில் இறங்குகிறது என்று எழுதினேன். அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. புதன்கிழமை காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிராணி படித்துவிட்டு, கூட்டுகிற பிள்ளை பேர் வள்ளியம்மையா என்று கேட்டார். இரண்டு வருஷமாக அவரிடம் போய் வருகிறேன், அதுவரைக்கும் அவருக்கு என் பேர் தெரியாது.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். மண்டோரும் கூடவே வந்தார். லயத்துக் கதவுகளெல்லாம் அரைக்கதவாகத் திறந்திருந்தன. எல்லாக் கதவுக்குப் பின்னாலும் ஆள் இருந்தது. வெளியே யாரும் வரவில்லை. இன்ஸ்பெக்டர் தாளைப் பார்த்து என் பேரைக் கூப்பிட்டார். நான் விளக்குமாற்றோடு கையைத் தூக்கினேன். போர்டு ஆளா என்று மண்டோரிடம் கேட்டார். மண்டோர் ஆமாம் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் தெரிகிறது.

போன தடவை எல்லாரும் நல்ல தண்ணீர் என்றார்களே, நீ மட்டும் எப்படி இல்லை என்கிறாய் என்று இன்ஸ்பெக்டர் மலாயில் கேட்டார். பதில் எனக்குத் தெரியும். இரண்டு நாளாக அம்மாவிடம் சொல்லிப் பார்த்திருந்தேன். அவர் முன்னால் ஒரு வார்த்தை வரவில்லை. நான் நிற்க நிற்க அவர் தாளை மடிக்க ஆரம்பித்தார்.

வாய் வராததால்தான் கிணற்றடிக்குப் போனேன். வேறு யோசனை எதுவும் இல்லை. வாளியை இறக்கி நிறைய மொண்டு, கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தேன். வெயில் நேராக வாளிக்குள் விழுந்தது. தண்ணீருக்கு மேல் எண்ணெய் படர்ந்து, நீலமும் சிவப்புமாக மினுங்கியது.

அது என்னவென்று அங்கே எல்லாருக்கும் தெரியும். கொசு முட்டை வைக்காமல் இருப்பதற்காகப் போர்டில் வாரம் ஒரு தரம் சாக்கடையில் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு எண்ணெய் தெளிப்பார்கள். முந்தின நாள்தான் தெளித்திருந்தார்கள், ராத்திரி மழையும் பெய்திருந்தது. தெளிக்கச் சொல்லி உத்தரவு போடுவதே இந்த இன்ஸ்பெக்டர்தான். அவருடைய எண்ணெய் எங்கள் வாளியில் மிதந்தது.

அவர் குனிந்து பார்த்தார். ஒரு விரலை விட்டு மோந்தார். அப்புறம் சரிந்த சுவரைப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மண்டோரிடம், பன்னிரண்டு வீடு இருக்கிறதே, ஒரு ஆளுக்கு மட்டும்தானா குறை என்று கேட்டார்.

அரைக்கதவுகள் அப்படியே நின்றன. நாலாம் நம்பர் கதவு திறந்தது. பாக்கியம் அக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற கஞ்சித் தூக்கோடு வந்து என் பக்கத்தில் நின்றது. மலாய் அதற்கு அவ்வளவாக வராது. தமிழிலேயே சொன்னது.

"பாக்கியம். நாலாம் நம்பரு. நல்ல தண்ணின்னு போன தடவ சொன்னது நாந்தான். எம் பிள்ள ஆஸ்பத்திரியில கெடக்குது."

மண்டோர் அதை மலாயில் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வார்த்தையும் குறைக்காமல் சொன்னார். அதற்காகவும் அவரை நான் கெட்டவர் என்று சொல்வதில்லை.

வேறு யாரும் வரவில்லை. எல்லாரும் வந்தார்கள் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். வரவில்லை. இன்ஸ்பெக்டர் எங்கள் இரண்டு பேரின் பேரையும் எழுதிக்கொண்டு போனார். இரண்டே போதுமாக இருந்தது.

மூன்றாம் நாள் கொத்தனார் வந்தார். சுவரைக் கட்டினார்கள், சிமெண்டு பூசினார்கள். கிணற்றை இறைத்துச் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். அது தெளிகிற வரைக்கும் போர்டு வண்டியில் தண்ணீர் வந்தது. பாக்கியம் அக்காவின் மகள் தலைமுடி கொட்டி, மொட்டையடித்த மாதிரி வீட்டுக்கு வந்தபோது கிணறு திறந்திருந்தது. அதன் புருஷன் பேரை யாரும் வெட்டவில்லை. எங்கள் பேரையும் வெட்டவில்லை. என்னை மட்டும் ரோட்டிலிருந்து எடுத்து, பாசாரில் மீன் கொட்டகை கழுவப் போட்டார் மண்டோர். ஆறேழு மாதம் கழுவினேன். அந்த வாடை ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஏதாவது செய்தாக வேண்டும் என்று அவருக்கு இருந்திருக்கும்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது இது. புகார் கொண்டு வருகிறவர் பேர் சொல்லத் தயங்கினால் அவரைக் கோழை என்று நினைக்காதீர்கள். பேர் கொடுத்ததற்காக எங்கேயோ எதையோ இழந்த ஆளாக இருப்பார், அல்லது இழந்தவரைப் பக்கத்திலிருந்து பார்த்தவராக இருப்பார். அவசரப்படுத்தாதீர்கள். அதற்காக அந்தக் கட்டத்தை நீங்களாக நிரப்பியும் விடாதீர்கள். குறை உங்களுடையதாகவும் இருந்தால் முதலில் உங்கள் பேரை எழுதுங்கள். வாயால் சொல்ல முடியாவிட்டால் வாளியைக் கொண்டுபோய் வையுங்கள்.

நான் மறுபடி ரோட்டு வேலைக்கு வந்த பிறகு, ஒரு நாள் காலையில் பெருமாள் மாமா என்னைக் கூப்பிட்டார். கருப்பண்ணன் பேரைக் கொடுத்தவர். இன்ஸ்பெக்டர் வந்த வியாழக்கிழமை அவர் கதவு அரைக்கதவாகவே இருந்தது. அதைப் பற்றி அவரும் பேசினதில்லை, நானும் கேட்டதில்லை. அவர் வீட்டு வாசலில் லோங்காங்குக்குக் குறுக்கே போட்டிருந்த பலகை உளுத்துப் போயிருந்தது. போர்டு போட்ட பலகை. அதைச் சொல்வதற்கு முன்னால் மழை, முட்டிவலி, தவுக்கே வாடகை கேட்கிற தோரணை எல்லாம் சொன்னார். நான் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்றேன். கடைசியில் பலகைக்கு வந்தார்.

நோட்டை எடுத்து, பேரு மாமா என்றேன்.

ரோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். வெற்றிலையைத் துப்பினார். மறுபடியும் பார்த்தார். நான் கேட்கவில்லை.

"பெருமாள்" என்றார். "ரெண்டாம் நம்பரு."

எழுதினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் நோட்டைக் காட்டச் சொன்னார். எது என்று கேட்டார். விரலால் தொட்டுக் காட்டினேன். கண்ணை இடுக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா?" என்றார்.

"இம்புட்டுத்தான் மாமா."

மை காய்கிற வரைக்கும் அவர் அந்த இடத்தைவிட்டுப் போகவில்லை.